மேலே போனால் மட்டும் கத்தும் செல்

முதலில் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் ஒரு நாற்காலி, அதில் ஒரு மக்காக் குரங்கு, எதிரே ஒரு திரை. திரையின் நடுவில் இருக்கும் சின்னப் புள்ளியைவிட்டுக் கண்ணை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டிருந்தால் வாயருகே உள்ள குழாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு வரும். இது அந்தக் குரங்குக்கு நன்றாகத் தெரியும். ஆராய்ச்சியாளர்கள் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் தீட்டி வைத்திருப்பார்கள். ஏனென்றால் சங்கதி ஒலிபெருக்கியில் வருகிறது. டப். டப்டப். கொஞ்சம் மௌனம். மறுபடி டப். காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம்.

வெடிப்பது ஒரே ஒரு நியூரான். குரங்கின் மூளைக்குள் மெல்ல மெல்ல இறக்கப்பட்ட டங்ஸ்டன் மின்முனையின் நுனி அதன் பக்கத்தில் போய் நிற்கிறது. நியூரான் ஒருமுறை துடித்தால் ஒரு டப்.

இப்போது திரையில் புள்ளிக்கூட்டம் ஒன்று வலப்பக்கமாக ஓடுகிறது. டப்... டப்... வேண்டாவெறுப்பாக. கீழ்நோக்கி ஓடவிடுகிறார்கள். சுத்தம்! இருந்த சத்தமும் போய்விட்டது. சரி, மேல்நோக்கி? அடேயப்பா! படபடபடவென்று ஒரே அமர்க்களம், இடைவெளி தெரியாத வெடிப்பு. புள்ளி வட்டமா சதுரமா, சிவப்பா பச்சையா என்பதெல்லாம் அந்தச் செல்லுக்குப் பெரிய விஷயமே இல்லை. மேலே போகிறதா? போனால் கத்துவேன். அதன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வேலைதான். இதைக் கேட்டுச் சிரிக்காமல் எப்படி இருப்பது?

நகர்வது என்றால் என்ன என்று யாரையாவது கேளுங்கள். சற்றுமுன் அங்கே இருந்தது, இப்போது இங்கே இருக்கிறது, எனவே நகர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். நம் மூளை இந்தத் துப்பறியும் வேலைக்காகக் காத்திருப்பதில்லை. சிவப்பைச் சிவப்பாகவே பார்ப்பதுபோல நகர்வையும் நகர்வாகவே நேரடியாகப் பார்க்கிறோம். அதற்கென்று தனிச் செல்கள், தனி வட்டாரம். அந்த வட்டாரம் கெட்டால் நகர்வு மட்டும் உலகத்திலிருந்து காணாமல் போகும். அங்கே துளி மின்சாரம் விட்டால் கண்ணெதிரே இல்லாத நகர்வு வந்து சேரும். இரண்டும் உண்மையில் நடந்தவை. வாருங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

திசை பார்த்துக் கத்தும் செல்லின் கதையில் ஒரு தற்செயல் உண்டு. 1958, அமெரிக்காவின் பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். டேவிட் ஹியூபெலும் டார்ஸ்டன் வீசலும் ஒரு பூனையின் பார்வைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில் காட்சியைக் கவனிக்கும் பகுதியில், ஒரு செல்லோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிச் சில்லில் கறுப்புப் புள்ளி ஒன்றை வைத்து, கருவியில் செருகி, பூனையின் கண்ணுக்குக் காட்டிப் பார்த்தார்கள். செல் மசியவில்லை. திடீரென்று, சில்லைச் செருகிய ஒரு தருணத்தில், ஒலிபெருக்கி அலறியது. புள்ளிக்காக அல்ல! சில்லின் விளிம்பு போட்ட மெல்லிய நிழல்கோடு ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்துபோனதற்காக. புள்ளியைத் தேடியவர்களுக்குக் கோடு கிடைத்தது, அதுவும் நகரும் கோடு. குரங்கின் புறணியைப் பற்றிய அவர்களுடைய பெரிய கட்டுரை 1968இல் வந்தது. 1981இல் நோபல் பரிசு.

கண்ணிலிருந்து வரும் செய்தி புறணியில் முதலில் வந்திறங்கும் இடம் பின்மண்டையில் இருக்கிறது. வி1 என்பார்கள். அங்கே திசை பார்க்கும் செல்கள் சிறுபான்மைதான், ஏறத்தாழ கால்வாசி. மற்றவை கோட்டின் சாய்வு, நிறம், இன்னபிற சமாச்சாரங்களைக் கவனிக்கின்றன. ஆனால் 1971இல் ரொனால்ட் டப்னரும் செமிர் ஸெகியும் குரங்கின் மூளைப் பக்கவாட்டில் ஒரு மடிப்புக்குள் மின்முனையை இறக்கியபோது, தொட்ட செல்லெல்லாம் திசை திசை என்று கத்தியது. அதே ஆண்டில் ஜான் ஆல்மனும் ஜான் காஸும் ஆந்தைக்குரங்கின் மூளையில் அதற்கு இணையான வட்டாரத்தை விவரித்தார்கள். ஸெகி வழியில் வந்தவர்களுக்கு அது வி5. ஆல்மன், காஸ் வழியில் வந்தவர்களுக்கு எம்டி. அரை நூற்றாண்டு தாண்டியும் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. இங்கே எம்டி என்றே வைத்துக்கொள்வோம், எழுதச் சுலபம். அங்குள்ள செல்களில் சுமார் பத்துக்கு ஒன்பது திசை பார்ப்பவை. அவை கண்டபடி சிதறிக் கிடக்கவும் இல்லை. ஒரே திசையை விரும்பும் செல்கள் ஒரே தூணாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மின்முனையைப் புறணியின் பரப்போடு சாய்வாக ஓட்டினால் விருப்பத் திசை படிப்படியாகத் திரும்பிக்கொண்டே வரும். நடுவில் சட்டென்று நேர் எதிர்த் திசைக்குத் தாவவும் செய்யும். மேலே என்பவர்களும் கீழே என்பவர்களும் பக்கத்துப் பக்கத்து வீடு!

சரி, ஒரு செல்லுக்குத் திசை எப்படித் தெரிகிறது? இதற்கு விடை சொன்னது ஒரு வண்டு. 1950களின் ஜெர்மனியில் பெர்னார்ட் ஹாசன்ஸ்டைன் என்ற உயிரியலாளரும் வெர்னர் ரைஷார்ட் என்ற இயற்பியலாளரும் வண்டின் முதுகை ஒரு பிடியில் ஒட்டி அதை அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். கால்களுக்கு வைக்கோல் துண்டுகளால் செய்த ஒரு லேசான உருண்டையைக் கொடுத்தார்கள். வண்டு நடக்கிறது, ஆனால் நகர்வது உருண்டைதான். நாலெட்டு வைத்ததும் பாதை இரண்டாகக் கவைக்கும். இடமா வலமா என்று வண்டு முடிவெடுக்க வேண்டும். அதைச் சுற்றிக் கோடு போட்ட உருளை ஒன்று சுழல்கிறது. எந்தப் பக்கம் எத்தனை தடவை திரும்பியது என்று எண்ணி, எண்ணி, அதிலிருந்து ஒரு கணக்கைப் பிடித்தார்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புள்ளியின் செய்தியைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்கள். பொருள் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஓடினால், தாமதமான பழைய செய்தியும் புதுச் செய்தியும் ஒரே நேரத்தில் வந்து சேரும். சேர்ந்தால் கத்து. எதிர்ப்பக்கம் ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று தவறவிடும். இவ்வளவுதான்! ஒரு தாமதம், ஒரு சந்திப்பு, திசை தயார். நகர்வைப் பார்ப்பதற்கு எட்வர்ட் அடெல்சனும் ஜேம்ஸ் பெர்கனும் 1985இல் தந்த கணித மாதிரி வேறு வழியில் போனாலும் கடைசியில் இதே விடைக்கு வந்து நிற்கிறது. ஒரு வண்டு இடமும் வலமும் திரும்பியதிலிருந்து இவ்வளவு தூரம் வர முடிந்தது என்பதை என்னால் இன்னும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நீங்களே பார்த்துவிடலாம். ஒரு தாளில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை போடுங்கள். அதன் பின்னால் ஒரு பென்சிலைச் சாய்வாக, இடக்கீழிலிருந்து வலமேலாக, முனை இரண்டும் தெரியாதபடி பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது பென்சிலை நேராக வலப்பக்கம் நகர்த்தட்டும். துளைக்குள் அது வலக்கீழ்ப் பக்கம் சரிவதுபோல் தெரியும். சரி, அடுத்து நேராகக் கீழே நகர்த்தட்டும். அதே வலக்கீழ்ச் சரிவு! பென்சில் எந்தப் பக்கம் போனாலும் துளை வழியே தெரிவது அதன் சாய்வுக்குச் செங்குத்தான நகர்வு ஒன்றுதான். வி1 செல் ஒவ்வொன்றும் உலகத்தைப் பார்ப்பது இப்படிப்பட்ட ஒரு சின்னத் துளை வழியாக. அத்தனை செல்லும் நேர்மையாகத் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பிறகு எப்படி நம்மால் பந்தைப் பிடிக்க முடிகிறது?

எம்டி செல்லின் ஜன்னல் பெரியது. அகலத்தில் வி1 செல்லுடையதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அடெல்சனும் டோனி மோவ்ஷனும் ஒரு குறும்பு செய்தார்கள். வெவ்வேறு சாய்வில் நகரும் இரண்டு கோட்டு வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். ஒவ்வொன்றும் தன் வழியில் நகர்கிறது. ஆனால் நமக்குத் தெரிவது ஒரே கட்டம், மூன்றாவது ஒரு திசையில் நகரும் கட்டம். வி1 செல்களுக்கு அந்தக் கட்டம் தெரியவில்லை. தனித்தனிக் கோடுகளுக்குத்தான் பதில் சொல்லின. எம்டியில் பல செல்கள் அப்படியே. ஆனால் சுமார் கால்வாசிச் செல்கள் கோடுகளை விட்டுவிட்டு முழுக் கட்டம் போகும் திசைக்குக் கத்தின! மோவ்ஷன், அடெல்சன், கிஸி, நியூசம் நால்வரும் 1985இல் இதை விரிவாக வெளியிட்டார்கள். துண்டு துண்டான பொய்களிலிருந்து ஒரு முழு உண்மையைத் திரட்டும் செல்கள்.

அதைத் திரட்டவும் நேரம் பிடிக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த துணுக்கு. 2001இல் கிறிஸ்டோபர் பேக், ரிச்சர்ட் பார்ன் இருவரும் சாய்ந்த சிறு கோடுகளை நகர்த்தி எம்டி செல்களைக் கேட்டார்கள். ஆரம்பத்தில் செல் துளைக்காரரின் பதிலையே சொல்கிறது, அதாவது செங்குத்துத் திசை. பிறகு மனம் மாறுகிறது. கோட்டின் முனைகள் தரும் செய்தியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, சுமார் 60 மில்லிசெகண்டில் சரியான திசைக்கு வந்துவிடுகிறது. கண்ணும் விதிவிலக்கில்லை. நகரும் சாய்கோட்டைத் துரத்தும் குரங்கின் கண் முதலில் கொஞ்சம் கோணலாகக் கிளம்பிப் பிறகு வழிக்கு வருகிறது. நாம் பார்க்கும் எந்தச் சாய்கோட்டுக்குப் பின்னாலும் இந்தச் சின்னத் தடுமாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. நம் காதுக்கு அது எட்டுவதே இல்லை.

எம்டிக்குச் செய்தி கொண்டுவரும் பாதை தனி அவசரத்தில் ஓடுகிறது. விழித்திரையின் பெரிய செல்களில் கிளம்பி, வேகமான நரம்பிழைகளில், வி1இன் நான்காம் அடுக்கின் ஒரு பகுதி வழியாக நேரே எம்டி. அவசரத்தில் நிறத்தை அனேகமாக வழியிலேயே விட்டுவிடுகிறது. இதைப் பார்வைச் சோதனையாகவே காட்டியவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போன வி.எஸ். ராமச்சந்திரன். அவரும் ரிச்சர்ட் கிரிகரியும் 1978இல், வெளிச்சத்தில் துளியும் வித்தியாசமில்லாத சிவப்பு, பச்சைப் புள்ளிகளை மட்டும் வைத்து ஒரு நகரும் காட்சியை அமைத்தார்கள். புள்ளிகள் தெரிகின்றன, நிறம் தெரிகிறது, நகர்வு காணாமல் போய்விடுகிறது. பிற்பாடு வந்த ஆய்வுகள் நிறத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று திருத்தின. ஆனாலும் வெறும் நிறத்தால் ஆன கோடுகள் உண்மை வேகத்தைவிட மெதுவாக ஊர்வதாகத் தெரிவது இன்றும் எவரும் செய்து பார்க்கக்கூடிய வேடிக்கை.

இனி பெரிய கச்சேரி. வில்லியம் நியூசம் தன் கூட்டாளிகளோடு ஒரு எளிய விளையாட்டை உருவாக்கினார். திரை முழுக்கப் புள்ளிகள். பெரும்பாலானவை போகிற போக்கில் மினுங்கி மறையும் வெறும் இரைச்சல். சில மட்டும் சேர்ந்து ஒரே திசையில் நகரும். நூற்றுக்கு நூறும் சேர்ந்து நகர்ந்தால் குழந்தையும் சொல்லிவிடும். நூற்றுக்கு ஐந்து, மூன்று என்று குறைத்தால்? மேலா கீழா என்று குரங்கு கண்ணை ஒரு விளக்குப் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியென்றால் பழச்சாறு. எம்டியில் ஒரு பகுதியை ரசாயனம் செலுத்திச் சிதைத்தபோது இந்த விளையாட்டில் மட்டும் குரங்கு தடுமாறியது. மங்கலான பொருளைக் கண்டுபிடிக்கும் திறன் அப்படியே இருந்தது. சில வாரங்களில் தடுமாற்றமும் பெருமளவு தேறிவிட்டது. இது 1988.

அடுத்த ஆண்டில் வந்தது நம்ப முடியாத முடிவு. குரங்கு விளையாடும்போதே அதன் எம்டியில் ஒரு செல்லின் டப்டப்பையும் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து மேலா கீழா என்று ஊகித்தால் எவ்வளவு சரியாக வரும்? முழுக் குரங்கு எவ்வளவோ, அவ்வளவு! சில செல்கள் தங்கள் முதலாளியைவிடவும் கெட்டிக்காரர்கள். கோடிக்கணக்கான நியூரான்கள் கொண்ட மூளை, ஒற்றை நியூரானைத் தாண்டி அதிகம் ஜெயிக்கவில்லை என்றால் மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள்? காரணம் பிறகு பிடிபட்டது. பக்கத்துச் செல்கள் தங்கள் தவறுகளையும் கொஞ்சம் சேர்ந்தே செய்கின்றன. ஒருவர் தவறும்போது மற்றவரும் அதே பக்கம் தவறினால், ஆயிரம் பேரைக் கேட்டுச் சராசரி எடுத்தாலும் பிரயோசனம் கொஞ்சம்தான். கமிட்டிகளில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தச் செல் கத்துவதும் குரங்கு பதில் சொல்வதும் கூடவே நடக்கின்றன. ஆனால் இதனால்தான் அதுவா? கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, உள்ளே புகுந்து கத்தவைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் டேனியல் சால்ஸ்மன், கென் பிரிட்டன், நியூசம் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் அதைச் செய்தார்கள். மேலே என்று கத்தும் தூண் ஒன்றின் நடுவில் மின்முனை. குரங்கு புள்ளிகளைப் பார்க்கும் அந்த ஒரு விநாடிக்கு, நொடிக்கு 200 துடிப்பு வீதம், 10 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம். நம் செல்போன் சார்ஜரில் ஓடும் ஒரு ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கு. பாதித் தடவை மின்சாரம் உண்டு, பாதித் தடவை கிடையாது, முன்பின் சொல்லாமல் கலந்து கலந்து. பழச்சாறு எப்போதும் திரையில் இருக்கும் உண்மைக்குத்தான். மின்சாரத்துக்கு ஆமாம் போட்டால் குரங்குக்கு நஷ்டமே.

அப்படியும் குரங்கு மின்சாரத்தின் பேச்சைக் கேட்டது! மின்சாரம் ஓடிய தடவைகளில் பதில்கள் மேலே, மேலே என்று சாய்ந்தன. சோதித்த இடங்களில் ஏறக்குறைய பாதியில் இந்தச் சாய்வு தெளிவாகத் தெரிந்தது, திரையில் இன்னும் கொஞ்சம் புள்ளிகளை மேல்நோக்கி ஓடவிட்டதற்குச் சமமாக. அதிக மின்சாரம் விட்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று நினைப்பீர்கள். இல்லை! 80 மைக்ரோ ஆம்பியருக்குக் கூட்டியபோது மின்சாரம் பக்கத்துத் தூண்களுக்கும் பரவியது. கீழே என்பவர்களும் எழுந்து கத்த, குரங்கு குழம்பித் தப்புத் தப்பாகச் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்பது நினைவிருக்கிறதல்லவா?

குரங்கு உண்மையிலேயே மேலே போவதைப் பார்த்ததா, அல்லது பார்த்ததாகப் பதில் மட்டும் சொன்னதா? எட்டுத் திசைகளில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்று விளையாட்டைப் பெரிதாக்கிய பிறகும் குரங்கு மின்முனை சொன்ன திசையையே தேடிப் போனது. ஆகவே பார்த்தது என்பதே என் கட்சி. ஆனால் குரங்கால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நியூசமுக்கே இந்தக் குறை உறுத்தியிருக்கிறது. தன் மூளையிலேயே மின்முனை வைத்துப் பார்க்கும் ஆசையைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்ன மனிதர் அவர்! இந்த உற்சாகத்துக்கு நடுவில் ஒன்று சொல்லியாக வேண்டும். குரங்கு தானாக முன்வந்து அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இத்தகைய ஆய்வு சரியா என்ற விவாதம் அன்றும் இருந்தது, இன்றும் ஓயவில்லை. ஓயக் கூடாது என்றே நினைக்கிறேன்.

வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் மியூனிக்கில் இருந்தார், ஆனால் மறுகோடியில். மூளையின் இருபுறமும் இதே வட்டாரம் பழுதான பெண்மணி. ஜோசப் ஸீலும் சகாக்களும் 1983இல் அவரைப் பற்றி எழுதினார்கள். நிறம் தெரியும், முகம் தெரியும், எழுத்து தெரியும். நகர்வு மட்டும் தெரியாது. தேநீரை ஊற்றினால் அது உறைந்து நிற்கும். கோப்பையில் மட்டம் உயர்வது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று தெரியாது. தெருவைக் கடக்கப் போனால் கார் தூரத்தில் இருக்கும். மறுகணம் பக்கத்தில் இருக்கும். நடுவில் ஒன்றுமில்லை. கார் வரும் சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்க அவர் பழகிக்கொண்டார். அங்கே இருந்தது, இங்கே இருக்கிறது, எனவே நகர்ந்திருக்க வேண்டும் என்ற துப்பறிதல் அவரால் முடிந்தது. நகர்வைப் பார்ப்பது மட்டும் முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எம்டிக்கு அடுத்து எம்எஸ்டி என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே காட்சி முழுவதும் விரிந்தால் கத்தும் செல்கள், சுருங்கினால் கத்தும் செல்கள், சுழன்றால் கத்தும் செல்கள் எல்லாம் உண்டு. நீங்கள் பைக்கில் போகும்போது உலகம் உங்களை நோக்கி விரிவது அவர்களுடைய இலாகா. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

உங்கள் எம்டியைச் சீண்டிப் பார்க்க மின்முனை தேவையில்லை. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குக் கண்ணைத் திருப்பினார். பாறை மேலே ஏறியது! கீழே என்று கத்திய செல்கள் களைத்துப்போக, அவற்றை எதிர்த்து நிற்கும் மேலே கட்சிக்குக் கை ஓங்கியதுதான் காரணம். மனிதர்களை ஸ்கேனில் படுக்கவைத்துப் பார்த்த ரோஜர் டூட்டெலின் குழு, இந்த மாயை நீடிக்கும் நேரமெல்லாம் எம்டி வட்டாரம் விழித்திருப்பதை 1995இல் காட்டியது. அடுத்தமுறை சினிமா முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது நீங்கள் உட்கார்ந்திருங்கள். திரையில் பெயர்கள் மேலே ஓடும். நடுவில் ஒரே இடத்தில் கண்ணை நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு பக்கத்துச் சுவரைப் பாருங்கள். சுவர் கீழே இறங்கும். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும். இடம் மாறாமலே நகர்வதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.